குடிக்காதவர் பப்புக்குள் போகலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவில்லை. திருச்சியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். "மேடம், மகள் கிளாஸ்கோவில் படிக்கிறாள். ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். டம்ஃப்ரீஸ் ஊரில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் உட்கார்ந்த பழைய பப் பற்றி நீங்கள் முன்பு பேசினீர்கள். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. வீட்டுக்காரியை அழைத்துக்கொண்டு உள்ளே போனால் நன்றாக இருக்குமா?"

தாராளமாகப் போங்கள். டாஸ்மாக் பாரை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. தப்பில்லை, நானும் முதல் தடவை அப்படித்தான் பயந்தேன். கதவைத் திறந்தால் இரண்டு பாட்டிகள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். காலடியில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. நான் அடிக்கடி சொல்வது உங்களுக்குத் தெரியும்: ஊர் நிற்கிற இடத்தைப் பார்த்தது போதும், ஊர் உட்காருகிற இடத்தைப் போய்ப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் ஊர் உட்காருகிற இடம் பப்தான். நீங்கள் வாங்கும் பானம் அந்த இருக்கைக்குக் கொடுக்கும் வாடகை, அவ்வளவுதான். அது பீராகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஐயன் ப்ரூ என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு சோடா, 1901-லிருந்து அங்கே ஓடுகிறது. அதைக் கேளுங்கள். பல் கூசும் இனிப்பு, ஆனால் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் உட்கார்ந்து சர்வர் வருவார் என்று காத்திருக்காதீர்கள். வேறு ஓர் ஊரில் நான் இருபது நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தேன். நம்மை மதிக்கவில்லையே என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைப் பெரியவர் கடைசியில் மனம் இரங்கி, "கவுண்டருக்குப் போம்மா" என்கிற மாதிரி கையைக் காட்டினார். கவுண்டரில் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தனக்கு முன்னால் வந்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், இடித்துக்கொண்டு முந்தினால் முறைப்பார்கள். வாங்கும்போதே காசு. அப்புறம், சிகரெட் புகைக்குப் பயப்பட வேண்டாம். 2006-லேயே உள்ளே புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.

சரி, டம்ஃப்ரீஸ். கிளாஸ்கோவிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தால் நடுத்தெருவில் மிட்ஸ்டீப்பிள் என்ற பழைய மணிக்கூண்டுக் கட்டடம், 1707-ல் கட்டியது. அந்தத் தெருவிலிருந்து பிரியும் ஒரு குறுகிய சந்துக்குள் இருக்கிறது நீங்கள் கேட்ட பப், க்ளோப் இன். 1610-லிருந்து இருக்கிறது. இந்த மாதிரிச் சந்துக்கு அங்கே க்ளோஸ் என்று பெயர். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். உள்ளே மரப்பலகைச் சுவர், தாழ்ந்த கூரை, கணப்பு. அந்தக் கணப்புப் பக்கம்தான் பர்ன்ஸ் உட்கார்ந்த நாற்காலி. அதில் நீங்கள் உட்காரலாம், ஆனால் நிபந்தனை உண்டு. உட்கார்ந்தால் பர்ன்ஸ் எழுதியதில் ஒரு வரி சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் உங்கள் செலவில் பானம்! நான், புத்தாண்டு நள்ளிரவில் உலகமே பாடுகிறதே, பர்ன்ஸின் 'ஆல்ட் லாங் சைன்', அந்தப் பாட்டில் பாதி வரியை முணுமுணுத்துத் தப்பித்தேன். என் உச்சரிப்புக்குத்தான் கைதட்டினார்கள் என்று நினைக்கிறேன், ஞாபகத்துக்கு அல்ல. நீங்கள் ரயிலிலேயே ஒரு வரியை மனப்பாடம் செய்துவிடுங்கள். மாடிக்கும் போய்ப் பாருங்கள். படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் அவர் கீறி எழுதிய வரிகள் இருக்கின்றன.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஆள் கலால் அதிகாரி. 1789-ல் வேலையில் சேர்ந்தார். முதலில் பக்கத்துக் கிராமத்தில் விவசாயமும் பார்த்துக்கொண்டு, வாரத்துக்கு 200 மைல் குதிரையில் சுற்றினார். சாராயத்துக்கும் பீருக்கும் வரி போடுவது பகல் வேலை, பப்பில் உட்கார்ந்து பாடுவது ராத்திரி வேலை. 1792-ல் ஒரு பாட்டு எழுதினார்: சாத்தான் பிடில் வாசித்துக்கொண்டு ஊருக்குள் வந்து கலால் அதிகாரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், இனி நாமே காய்ச்சலாம், நாமே குடிக்கலாம் என்று ஊர் கூத்தாடுகிறது. எழுதியவரே கலால் அதிகாரி! ஊர் இவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. சாவதற்கு முன் 1796-ல் எழுதிய கடிதத்தில் க்ளோப் இன்னைத் தன் 'ஹௌஃப்' என்கிறார். ஸ்காட் சொல். வழக்கமாகப் போய் ஜமா சேருகிற இடம் என்று அர்த்தம்.

ஆனால் ஐயா, நீங்கள் மனைவியோடு போவதாகச் சொன்னதும் எனக்கு வேறொரு கேள்விதான் ஓட ஆரம்பித்தது. பர்ன்ஸ் இங்கே கணப்புப் பக்கம் உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் ஜீன் எங்கே இருந்தார்? ஜீன் ஆர்மர், அவர் மனைவி. இதே பப்பில் வேலை செய்த ஆன் பார்க் என்ற பெண்ணுக்கு 1791 மார்ச் 31-ல் பர்ன்ஸால் ஒரு மகள் பிறந்தாள். பத்து நாளுக்குள் ஜீனுக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தப் பெண் குழந்தையையும் ஜீன்தான் வளர்த்தார். 1796 ஜூலை 21-ல் பர்ன்ஸ் இறந்தபோது வயது 37. 25-ஆம் தேதி பெரிய ஊர்வலம் வைத்து அடக்கம் செய்தார்கள். ஜீன் அதற்குப் போகவில்லை. அன்றைக்கு அவருக்குப் பிரசவம், இன்னொரு மகன்.

பர்ன்ஸும் ஜீனும் குடியிருந்த வீடு இன்னும் இருக்கிறது. இப்போது அந்தத் தெருவுக்கே பர்ன்ஸ் பெயர்தான், வீடு அருங்காட்சியகம். பப்பிலிருந்து நடந்தே போய்விடலாம். பர்ன்ஸ் அதில் இருந்தது மூன்று வருஷம். ஜீன் 1834-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார், கணவர் போன பிறகு 38 வருஷம். ஆனாலும் பெயர் பர்ன்ஸுடையது!

வீட்டுக்காரியை அங்கேயும் அழைத்துக்கொண்டு போங்கள். நான் போன அன்று பப்பில் அந்த நாற்காலிக்கு ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். ஜீன் வீட்டு மாடியில் நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன். சரி, அடுத்த கேள்வி.