பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு கச்சேரி

நேயர்களுக்கு வணக்கம்.

"வீட்டில் நல்லபடியாகப் பாட்டுக் கேட்க வேண்டும், எந்த செட் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள், ஒரு கம்பெனியின் பெயரை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. பாட்டுக் கேட்கப்போகிற அறை எத்தனை அடிக்கு எத்தனை அடி? தரையில் என்ன போட்டிருக்கிறீர்கள்? உட்காருவது நாற்காலியிலா, பாயிலா? சிலருக்கு இது சுற்றி வளைப்பதாகப் படும். ஆனால் டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள நம் வீடுகளில், ஸ்பீக்கரிலிருந்து நேராகக் காதுக்கு வருகிற ஒலி கொஞ்சம்தான். சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பி வருவது அதைவிட அதிகம். அதனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், நாம் கேட்பதில் பெரும்பங்கு அந்த அறையின் ஒலி.

இந்த உரையை இப்போது ஹாலில் உட்கார்ந்து கேட்கிறவர்கள், ஒரே ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தத்தின் பின்னாலேயே 'டர்ர்' என்று ஓர் அதிர்வு நீண்டால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் அந்த ஒலியைத் தங்களுக்குள் எறிந்து விளையாடுகின்றன என்று பொருள். பாடகர் ஒவ்வொரு எழுத்தை உச்சரிக்கும்போதும் இதேதான் நடக்கும். சகரமும் ஷகரமும் காதைக் குத்தும். வேகமாகச் சுரம் பாடும்போது சுரங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். கஞ்சிராவின் சொல்லும் அதன் சலங்கையும் தனித்தனியாகப் பிரிந்து வராது.

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. ஸ்பீக்கருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே கனமான பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். பக்கச் சுவரில் புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. உயரமும் கனமும் வேறுவேறான புத்தகங்கள் ஒலியைச் சிதறடித்துவிடும். சன்னலுக்கு மெல்லிய திரை போதாது, மடிப்பு மடிப்பாக விழுகிற கனத்த துணி வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு மறுபடி கை தட்டிப் பாருங்கள்.

கீழ்க்குரல் ஒலிகளுக்கு, அதாவது பாஸுக்கு, ஜமக்காளம் உதவாது. அங்கே நடப்பது வேறு கணக்கு. நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் அறை பத்துக்குப் பன்னிரண்டு, கூரை உயரம் பத்தடி. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி இடைவெளியில் அது சுவருக்குச் சுவர் போய்வரும்போது, ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 56 அதிர்வில், அறையே சேர்ந்து முழங்கும். கூரைக்கும் தரைக்கும் இடையிலும் அதே பத்தடி என்பதால் அதே 56 அங்கேயும் எழும்பும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முழக்கம். பன்னிரண்டு அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னொன்று. பாஸ் ஒலிகளை வாசிக்கிற பேஸ் கிட்டாரின் மூன்றாம் தந்தியைத் திறந்தபடி மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். ஆக, பேஸ் கிட்டார் அழகாக நடந்துபோகிற ஒரு திரைப்பாட்டில் ஒரு சுரம் மட்டும் வயிற்றில் இடிக்கும், பக்கத்துச் சுரம் இருக்கிற இடமே தெரியாது. வாசித்தவர் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில்தான் வாசித்திருப்பார். கேட்பவர் பழியை ஸ்பீக்கர் மேல் போட்டு, பாஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் என்ற ஸ்பீக்கர் ஒன்றையும் வாங்கி மாட்டுவார். முழக்கம் இரட்டிப்பாகும்.

ஆகவே முதலில் ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். நம் வீடுகளில் இவற்றைப் பரணிலும் அலமாரி உச்சியிலும் சுவர் மூலையில் ஆணி அடித்தும் வைக்கிற பழக்கம் ஊன்றிப்போய்விட்டது. குழந்தைகள் கை வைக்காது, இடம் மிச்சம், ஒட்டடை அடிக்கும்போது துடைத்துக்கொள்ளலாம் என்பார்கள். எனக்கு அந்த நியாயங்கள் புரிகின்றன. ஆனால் இரண்டு சுவரும் கூரையும் சேரும் மூலை, பாஸை ஊதிப் பெருக்கும். உயர்ந்த சுருதி ஒலிகளைத் தருகிற சின்ன ஸ்பீக்கர், அதுதான் ட்வீட்டர், நம் தலைக்கு மேலே எங்கேயோ யாருக்கோ பாடிக்கொண்டிருக்கும். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரவேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் இருக்கும், பாயில் உட்கார்ந்தால் அதைவிடத் தாழ்ந்துவிடும். கச்சேரியைச் சம்மணமிட்டுக் கேட்கிற வீட்டில் ஸ்டாண்டும் குட்டையாகத்தான் இருக்கவேண்டும். நீங்களும் பின்சுவரில் முதுகு சாய்க்காமல், அதிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் வந்து உட்காருங்கள். சுவரை ஒட்டித்தான் பாஸ் மிகத் தடித்து நிற்கும்.

மின்விசிறியையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் எண்ணில் சுழல்கிற விசிறியின் கீழே தம்புராவின் நுண்ணொலிகள் காதுக்கு எட்டாது. இரண்டுக்குக் குறைத்தால் அவை திரும்பி வரும். இதற்குச் செலவே இல்லை.

இனி ஸ்பீக்கர். அதைத் தேர்வு செய்வதற்கு, வானொலியில் பேசுகிறேன் என்பதால் வானொலிக்காரர்களின் வழியையே சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் பி.பி.சி. பொறியாளர்கள், வெளியிடங்களிலிருந்து ஒலிபரப்பும் வேன்களுக்காக ஒரு சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். எல்.எஸ். 3/5ஏ என்று பெயர். உயரம் ஓர் அடி, அகலம் ஏழரை அங்குலம். வேனுக்குள் பெரிய பெட்டிக்கு இடமில்லை. ஆழமான பாஸ் இல்லாவிட்டாலும் பேசுகிற குரல் மட்டும் உண்மையாக ஒலிக்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஸ்டூடியோவில் ஒருவரைப் பேசவைத்து, அவருடைய நேர்க்குரலையும் ஸ்பீக்கர் வழியாக வருகிற குரலையும் மாறி மாறிக் கேட்டு ஒப்பிடுவது அந்த நிறுவனத்தின் வழக்கம். ஐம்பது ஆண்டு தாண்டியும் அந்தச் சின்னப் பெட்டியை வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

அவர்கள் குரலைப் பிடித்துக்கொண்டதில் ஆழமான நியாயம் இருக்கிறது. வயலின் எப்படி ஒலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியாது. மனிதக் குரல் எப்படி ஒலிக்கும் என்று தெரியாதவர் யாருமில்லை. நம் இசையோ குரலிலிருந்தே கிளம்பியது. வீணையும் நாகஸ்வரமும் பாடுவதுபோல வாசிக்கப்படுவதைத்தான் நாம் மெச்சுகிறோம். எனவே கடைக்குப் போகும்போது, அவர்கள் போட்டுக் காட்டுகிற அதிரடிப் பாட்டுக்கு மயங்காதீர்கள். நீங்கள் வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய ஒரு குரலை எடுத்துப் போங்கள். பக்கவாத்தியம் குறைவாக, விருத்தமாக இருந்தால் மிக நல்லது. ஆண்குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம். பெண்குரல் மேல்ஸ்தாயியில் கீச்சிட்டாலும் வேண்டாம். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதைத்தான் நம் காது நல்லது என்று நம்பும்.

வாங்கி வந்து வைத்த பிறகு இன்னொரு சோதனை உண்டு. 1960களின் திரைப்பாட்டு ஒன்றைப் போடுங்கள். அவை மோனோவில் பதிவானவை. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். நீங்கள் இரண்டுக்கும் சம தூரத்தில் உட்கார்ந்திருந்தால், குரல் இரண்டு பெட்டிகளிலிருந்தும் வராமல் நடுவே வெற்றிடத்தில் ஒருவர் நின்று பாடுவதுபோல் கேட்கவேண்டும். அப்படி நிற்காமல் குரல் அறையெங்கும் பரவி, பாஸும் காணாமல்போனால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிர்ந்து ஒலியெழுப்புகிற கூம்பு, முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. மாற்றி மாட்டினால் தீர்ந்தது. இந்த ஒரு பிழையோடு பல வருடம் பாட்டுக் கேட்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

வாட்ஸ், அதாவது ஆம்ப்ளிஃபயரின் சக்தி, விஷயத்துக்கு வருகிறேன். அட்டைப்பெட்டி மேல் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் எண் அச்சிட்டிருப்பார்கள். அதற்கு எந்தப் பொது வரையறையும் கிடையாது. "ஆர்.எம்.எஸ். எவ்வளவு?" என்று கேளுங்கள், அதுதான் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. வீட்டில் நாம் நிம்மதியாகக் கேட்கிற சத்தத்துக்கு ஒரு வாட்கூடச் செலவாவதில்லை. ஆனால் தவிலில் ஒரு அடி விழும்போது, அந்தக் கணத்துக்கு மட்டும் ஒலியின் அளவு சராசரியைவிட 20 டெசிபெல் உயரலாம். டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கிற அலகு. 20 டெசிபெல் உயர நூறு மடங்கு சக்தி தேவை. அதனால் முப்பது, ஐம்பது வாட் கையிருப்பு அவசியம். அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய லாபமில்லை. ஐம்பதை நூறாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். இரண்டு மடங்கு உரக்கக் கேட்கிறது என்று காது சொல்லவேண்டுமானால் பத்து மடங்கு சக்தி வேண்டும்.

வயருக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி, மூன்று மீட்டர் தூரத்துக்கு நன்றாகவே போதும். மிச்சப்படும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். இசைத்தட்டா, சி.டி.யா, இணையத்திலா என்று நடக்கிற சண்டையிலும் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. 1982இல் வந்த சி.டி. நம் காதுக்குக் கேட்கிற எல்லைவரை முழுதாகப் பதிவுசெய்யக்கூடியது. இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, முள்ளை வைத்து, இருபது நிமிடத்தில் எழுந்து திருப்பிப் போடுகிறவர் அந்த இருபது நிமிடமும் வேறு வேலை பார்ப்பதில்லை. இசைத்தட்டில் எனக்குப் பிடித்தது அதுதான். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் சென்டரில் தொண்ணூறு நிமிடக் கேசட்டுக்காகக் காத்திருந்த தலைமுறைக்கும் அந்த அருமை தெரியும்.

இரவு நேரத்தில் சத்தத்தைக் குறைத்துக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒலி குறையக் குறைய நம் காது பாஸை அதிகமாக இழக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்ற பொத்தான் இதற்காகத்தான் இருந்தது. உங்கள் செட்டில் அது இல்லையென்றால், மெல்லக் கேட்கும்போது பாஸைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வதில் தப்பே இல்லை. பகலில் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அறையும் ஸ்பீக்கரும் ஒத்துப்போய்விட்டால், நன்றாகப் பதிவான கச்சேரி ஒன்றில் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். நமக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின் என்று மேடை அப்படியே விரியும். ஆலாபனையில் பாடகர் ஒரு பிடியைப் பிடித்து முடிக்கும் முன்பே, வயலின்காரர் அதன் வாலைத் தொட்டு மெல்லத் தொடர்வது கேட்கும். மூச்சு எங்கே வாங்குகிறார் என்பது தெரியும். மிருதங்கக்காரர் தொப்பியில், அதாவது கனத்த ஒலி தருகிற பக்கத்தில், அழுத்திக் கும்காரம் கொடுத்து விடும்போது அந்தச் சுருதி வளைந்து இறங்குவது தெரியும். நூறு தடவை கேட்ட பதிவிலும் இவை புதிதாகத்தான் வந்து நிற்கும். அப்போது அரைமணி நேரம் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, வீட்டில் இன்னொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். "இதைக் கேட்டாயா!" என்று சொல்ல ஆள் வேண்டும்.

கடைசியாக, அப்பா காலத்து ஸ்பீக்கர் பெட்டிகள் வீட்டில் கிடந்தால் உடனே பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முன்வலையைக் கழற்றி, கோனின் ஓரத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பராக இருந்து வெடிக்காமல் வளைந்துகொடுத்தால் அநேகமாக நல்ல நிலையில்தான் இருக்கும். ஸ்பாஞ்ச் வளையமாக இருந்தால், நம் ஊர் ஈரக்காற்றில் பொடிந்து உதிர்ந்திருக்கும். அந்த வளையத்தை மட்டும் மாற்றித்தர ஆள் இருக்கிறார்கள். சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். புதுப் பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

நன்றி, வணக்கம்.