பார்ப்பதற்கு முன் கேட்ட ஆச்சி

நேயர்களுக்கு வணக்கம்.

திரைப்பட நடிகர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும், யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று நிலையத்தார் சொன்னார்கள். வானொலியில் முகத்தைக் காட்ட முடியாது. நடையையும் கண்ணையும் வாயால் எவ்வளவு வர்ணித்தாலும் பாதிதான் வந்து சேரும். அப்படியானால் குரலை மட்டும் வைத்தே நம் முன்னால் வந்து நிற்கக்கூடியவர் யார் என்று யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆச்சி மனோரமா.

அவரை நான் பார்த்ததற்கு முன்னால் கேட்டவன். அந்தக் காலத்தில் வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். படத்தின் ஒலியை மட்டும் சுருக்கி, ஒரு மணி நேரம் ஓடவிடுவார்கள். எங்கள் பாட்டி வீட்டில் மர அலமாரியின் மேல் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. திருகினால் உடனே பேசாது. சூடாகிப் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் வாய் திறக்கும். ஒருநாள் அதில் 'தில்லானா மோகனாம்பாள்'. நாதஸ்வரமும் சதங்கையுமாகப் போய்க்கொண்டிருந்தபோது, நடுவில் ஒரு பெண்குரல் உள்ளே வந்தது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கொஞ்சல், கேட்டவுடனே சிரிப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த அம்மாளுக்கு ஒரு உருவம் கொடுத்துவிட்டேன். பருத்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பு ஏறிய வாய், வயது நாற்பத்தைந்துக்குக் குறையாது. சில வருஷம் கழித்து, கீற்றுக் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒல்லியாக ஒரு இளம்பெண் வந்து, நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணி என்று நின்றார். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. 1968இல் அந்தப் படம் வந்தபோது மனோரமாவுக்கு வயது 31தான். நாடகக் கொட்டகைகளில் இரவெல்லாம் கத்திக் கத்தித் தேய்ந்த ஒரு நடுவயதுக்காரியின் தொண்டையை அந்த வயதில் அவர் எங்கிருந்தோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தில் அவர் வரும் நேரம் அதிகமில்லை. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று பெரிய கூட்டம். அதற்குள் ஒரு காட்சி. நாதஸ்வரக் கலைஞரின் வாசிப்பில் சொக்கிப்போன ரமாமணி அவரிடம், உங்கள் நாயனத்தில் மட்டும்தான் இந்தச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்ற தோரணையில் ஒரு கேள்வி கேட்பார். வெகுளித்தனமான கேள்வி. கொட்டகையே சிரிக்கும். ஆனால் ஒலியை மட்டும் கேட்டால் வேறொன்று தெரியும். அந்த இடத்தில் அவர் குரல் சிரிப்பு மூட்டப் பார்க்கவே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் கேட்கிற மாதிரி, தணிந்து வரும். 'நாதஸ்வரம்' என்று சொல்லாமல் 'நாயனம்' என்று சொல்வதில் ஊர் வந்துவிடுகிறது, தொழில் வந்துவிடுகிறது, ஒரு கலைஞர் இன்னொரு கலைஞர் மேல் வைக்கிற மரியாதையும் வந்துவிடுகிறது.

இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கோபிசாந்தா என்ற அந்தக் குழந்தை 1937 மே 26ஆம் தேதி மன்னார்குடியில் பிறந்தது. குடும்பம் நிலைகுலைந்து, தாய் ராமாமிர்தம் குழந்தையை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தூருக்கு வந்தார். வறுமை. படிப்பு பாதியில் நின்றது. பாடத் தெரிந்த பிள்ளை, அதனால் நாடக மேடை கூப்பிட்டது. மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான்.

புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஸ்பெஷல் நாடகம் செழித்த சீமை. ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், அதாவது கதாநாயகன், ஓர் ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். மேடையில்தான் சந்திப்பார்கள். விடிய விடிய நடக்கும். எதிராளி எந்த வார்த்தையை எப்படி விடுவார் என்பதைக் காதால் பிடித்து, அதே சூட்டில் பதில் கொடுக்க வேண்டும். கடைசி வரிசையில் தூங்கி வழிகிறவர் வரைக்கும் குரல் போக வேண்டும். அந்தக் காற்றில் வளர்ந்த பெண்ணிடம், நாடகக் கம்பெனிக்காரி வேடம் கட்டச் சொன்னால் அது நடிப்பில் சேர்த்தியா? ரமாமணியைப் பற்றி நான் யோசிக்கும்போதெல்லாம் இந்தச் சந்தேகம் எனக்கு வரும்.

பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம். கலைஞர் எழுதிய நாடகங்கள். 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'தான் முதல் படம். அதில் கிடைத்தது நகைச்சுவை வேடம். கதாநாயகி ஆக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. கதாநாயகிக்கு ஆயுசு கொஞ்ச காலம்தான், சிரிக்க வைத்தால் நெடுங்காலம் நிற்கலாம் என்று கவிஞர் எடுத்துச் சொன்னதாகப் பின்னாளில் அவரே நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். கவிஞர் சொன்னதும் பலித்தது.

'ஆச்சி' என்ற பெயருக்கு வருவோம். செட்டிநாட்டில் வளர்ந்ததால் ஆச்சி ஆனார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதி இந்த வானொலிக்குச் சொந்தம். அகில இந்திய வானொலியில் 'காப்புக்கட்டிச் சத்திரம்' என்று ஒரு தொடர் நாடகம் வந்தது. அதில் மனோரமா செட்டிநாட்டு ஆச்சிமார் பேச்சில் பேசி நடித்தார். அதற்குப் பிறகு ஒப்பனைக்காரர் ஒருவர் 'ஆச்சி' என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது என்று அவர் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆயிரம் படத்தில் முகம் காட்டியவருக்கு, முகமே தெரியாத ஒரு நாடகத்தால் பெயர் வந்தது. இதை இந்த ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பேச்சு என்று சொன்னேன். வட்டாரப் பேச்சைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாடகத்தில் எனக்குக் கொங்கு நாட்டுப் பண்ணையார் வேடம். தாளிக்கும்போது கடுகு போடுகிற மாதிரி, எல்லா வார்த்தைக்கும் கடைசியில் ஒரு 'ங்க' போட்டேன். 'ஏனுங்க' வந்தது, 'வாங்கோ' வந்தது, 'அம்மிணி'யும் வந்தது. நாடகம் முடிந்ததும் கோபிச்செட்டிபாளையத்து நண்பன் ஒருவன் தோளில் கை போட்டு, "ஏப்பா, எங்க பேச்சு நல்லாத்தான் இருக்குது, ஆனா நீ அதக் கோவிச்சுக்கிட்டுப் பேசற மாதிரியில்ல இருக்குது" என்றான். எனக்கு வார்த்தை கிடைத்திருந்தது, ராகம் கிடைக்கவில்லை.

மனோரமா ராகத்தைப் பிடித்தவர். 'சின்னக் கவுண்டர்' 1992இல் வந்தது. விஜயகாந்துக்கு அம்மாவாக, முன்னால் துருத்தி நிற்கும் பொய்ப்பல் கட்டிக்கொண்டு வருவார். பொய்ப்பல் கட்டினால் என்ன ஆகும் என்று வீட்டில் ஒரு பாக்குத் துண்டை மேலுதட்டுக்கு உள்ளே அடக்கிக்கொண்டு பேசிப் பாருங்கள். ப, ம இரண்டும் ஒழுங்காக விழாது, உதடு ஒட்டாது. அந்தத் தடையோடு, கொங்குப் பேச்சின் இழுப்பும் குறையாமல், ஒரு வார்த்தையும் விழுங்காமல் பேசியிருப்பார். பல்லைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர். பல்லுக்குப் பின்னால் நாக்கு பட்ட பாட்டை யாராவது கவனித்தோமா?

இதற்கு ஆறு வருஷம் முன்னால், 1986இல் 'சம்சாரம் அது மின்சாரம்'. விசு இயக்கிய ஏவி.எம். படம். அதில் வேலைக்காரி கண்ணம்மா. சென்னைப் பேச்சு. சென்னைப் பேச்சென்றால் 'இன்னா', 'பேஜாரு', 'கஸ்மாலம்' என்று நாலைந்து சொல்லைத் தூவிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிற நடிகர்கள் உண்டு. கண்ணம்மா பேசும்போது சொல்லை விட வேகம்தான் முக்கியம். ஒரு வாக்கியத்தின் தலையில் அழுத்தி வாலில் விட்டுவிடுவது, அடுத்தவர் வாய் திறக்கும் முன் இரண்டாவதைத் தொடங்குவது. தண்ணீர்க் குழாயடியில் நின்று கேட்டவர்களுக்குத்தான் அது வரும். காவிரிப் படுகையில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவர், மயிலாப்பூர் மாமியாகவும் மாறுவார், இலங்கைத் தமிழும் பேசுவார் என்றால், அந்தக் காது எப்படிப்பட்ட காது!

ஒரு கணக்கு சொல்கிறேன். 1985இல் ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். 1958இல் தொடங்கியவர். இருபத்தேழு வருஷத்தில் ஆயிரம் என்றால், ஏறக்குறையப் பத்து நாளைக்கு ஒரு படம். காலையில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்காரி, மத்தியானம் இன்னொன்றில் பண்ணையார் மனைவி, ராத்திரி மூன்றாவதில் மாமி என்றுதான் ஓடியிருக்க வேண்டும். ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கலந்துவிடாமல் எப்படிப் பிரித்து வைத்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மற்றபடி எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவதில் எனக்கு அவ்வளவு ருசியில்லை. அதில் நல்ல படமும் உண்டு, அவருக்கு நாலு வரிகூடச் சரியாக எழுதித் தராத படமும் உண்டு.

பாட்டும் பாடினார். 1968லேயே 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்யாரே வூட்டாண்ட'. 'வீட்டண்டை' என்பதை 'வூட்டாண்ட' என்று சங்கீதத்தில் ஏற்றினாலும் சேரி வாடை போகாமல் பாடியது சாதாரண விஷயமில்லை. 1994இல் ஏ.ஆர்.ரகுமான் இசையில் 'மே மாதம்' படத்துக்காக மெட்ராசைச் சுற்றிப் பார்க்கும் பாட்டிலும் அவர் குரல் உண்டு. நடுவில் இருபத்தாறு வருஷம். ஊரின் பெயரே மாறப்போகிற நேரம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் ஒரு நகரத்துக்கு வயதானது காதில் விழும்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. 1990களில் தமிழ் சினிமா அவரை அம்மா ஆக்கி அழவைத்தது. 'சின்னத் தம்பி' மாதிரிப் படங்களில் அவர் அழுதபோது தியேட்டரே அழுதது, மறுக்கவில்லை. 1989இல் வந்த 'புதிய பாதை'க்குத் துணை நடிகைக்கான தேசிய விருதும் கிடைத்தது. 2002இல் பத்மஸ்ரீ. ஆனால் அழுகைக்கு ஊர் கிடையாது பாருங்கள். எந்த ஜில்லாவில் அழுதாலும் ஒரே சத்தம்தான். அவர் சொத்தே ஊர்ப் பேச்சு. அதை வாங்கி வைத்துக்கொண்டு கண்ணீரை மட்டும் கொடுத்தது போல எனக்குப் படுகிறது. விதிவிலக்கு உண்டு. 1990இல் வந்த 'நடிகன்'. கல்யாணமாகாமலே வயதாகிவிட்ட பேபி அம்மா. கிழவர் வேடம் போட்டு வந்த இளைஞனிடம் மனதைப் பறிகொடுக்கிறார். எழுத்தில் கொஞ்சம் தடுமாறினாலும் ஆபாசமாகியிருக்கும். ஆச்சி குரலில் பதினாறு வயதின் வெட்கத்தைக் கொண்டுவந்தார். உடம்புக்கு ஐம்பது, குரலுக்குப் பதினாறு. நாம் சிரித்தோம், சிரித்து முடித்ததும் அந்த அம்மாளுக்காகக் கஷ்டமாக இருந்தது.

அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் ஆகியோரோடு திரையில் என்று ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1996 தேர்தல் மேடையில் அதே குரல் ரஜினிகாந்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசியதும் தெரிந்ததுதான். அதைத் தவிர்த்திருக்கலாம் என்பது என் கட்சி. மறு வருஷமே 'அருணாசலம்' படத்தில் ரஜினியோடு நடித்தார். மேடையில் விட்ட வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளாமல் தன்னைக் கூப்பிட்ட ரஜினியின் பெருந்தன்மையை ஆச்சியே பிறகு சொல்லியிருக்கிறார்.

2015 அக்டோபர் 10ஆம் தேதி இரவு சென்னையில் காலமானார். வயது 78. மறுநாள் தொலைக்காட்சியில் காலையிலிருந்து அவர் படக் காட்சிகளாகவே ஓடிக்கொண்டிருந்தன. சமையலறையில் வேலையாக இருந்த என் மனைவி ஒருதடவைகூட வந்து பார்க்கவில்லை. உள்ளேயிருந்தே, "இது ஜில் ஜில்", "இது கண்ணம்மா", "இது பேபி அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். அடுத்து ஒரு பாட்டு போடச் சொல்லியிருக்கிறேன். படத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் முதலில் அறிவிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த வேலையில் இருந்தாலும் காதை மட்டும் இந்தப் பக்கம் வையுங்கள். வீட்டில் யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

வணக்கம்.