பலகைத் தரை மேல் கணப்பு மேடை: கிரானைட் மட்டும் போதுமா?

(காட்சி: தளி பக்கம் ஒரு தோட்ட வீட்டின் மாடி. பலகைத் தரை. மூலையில் இன்னும் பொருத்தாத இரும்புக் கணப்பு.)

மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பொழுது சாய்ந்ததும் குளிர் எலும்பைத் தொடும். அங்கே வீடு கட்டுகிறவருக்குக் கணப்பு, அதாவது ஃபயர்பிளேஸ் ஆசை வருவதில் தப்பில்லை. தரை மரமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மேஸ்திரியைக் கேட்டால், “கிருஷ்ணகிரியில இருந்துக்கிட்டு கல்லுக்கு யோசிக்கறீங்களே! ரெண்டு கிரானைட்டைப் போட்டு மேல வெச்சிடலாம், கல்லு எரியவா போகுது?” என்பார்.

கல் எரியாதுதான். ஆனால் சூட்டை நிறுத்தவும் செய்யாது, கீழே கடத்திவிடும். ஒரு அடி தடிமன் கிரானைட் தடுக்கிற வெப்பத்தை, உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான சிமென்ட் கல்லான ஏஏசி பிளாக் 1 அங்குலத்திலேயே தடுத்துவிடும்.

(காட்சி: கருகிய பலகைத் துண்டு.)

புது மரம் சட்டென்று தீப்பிடிக்க ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதைவிடக் குறைந்த சூடு மாதக்கணக்கில் பட்டாலும் மரம் உள்ளுக்குள் கருகும். கருகிய மரம் பிறகு இன்னும் சீக்கிரம் பற்றும். முதல் குளிர்காலம் நன்றாகப் போனது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

முதலில் பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கான்கிரீட் என்றால் வேலை சுலபம்: அந்த இடத்துப் பலகையை அறுத்து எடுத்துவிட்டு, கான்கிரீட் மேலேயே மேடை கட்டலாம். மரச்சட்டங்கள் மேல் பலகை அடித்த தரை என்றால்தான் சிக்கல்.

அங்கே அடுத்த பிரச்சினை எடை. நான்கடிக்கு நான்கடி, ஒரு அடி உயரம், முழுக்கச் செங்கல் என்று வைத்தால் 800 கிலோ தாண்டும். வீட்டுத் தரைக்கு நம் இந்திய தரவிதி கணக்கில் எடுக்கச் சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. இந்த இடம் சுமார் ஒன்றரை சதுர மீட்டர், அதற்கு 300 கிலோதான் வரும். கணப்பின் எடை வேறு இருக்கிறது. செங்கல்லிலேயே முழு ஃபயர்பிளேஸ் கேட்டால் மரத்தின் மேல் வேண்டவே வேண்டாம். அது மண்ணிலிருந்து தனி அஸ்திவாரத்தோடு எழும்ப வேண்டும்.

(காட்சி: வெல்டிங் செய்த இரும்புச் சட்டகம்.)

அதனால் மேடை உள்ளே வெற்றாக இருக்கட்டும். சதுர இரும்புக் குழாயில் சட்டகம் அடித்து, கால்கள் அடியில் ஓடும் மரச்சட்டங்களுக்கு நேராக உட்காரும்படி வையுங்கள். வெறும் பலகையில் நிற்கக் கூடாது. சட்டகத்தின் மேல் சிமென்ட் போர்டு, அதன் மேல் 4 அங்குல ஏஏசி பிளாக், கடைசியில் மெல்லிய கிரானைட். அழகுக்குக் கல், காவலுக்கு பிளாக். இந்தக் கூடுதல் எடையை மரச்சட்டம் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் பார்த்த பிறகுதான் வெல்டரைக் கூப்பிட வேண்டும்.

முன்புறமும் பின்புறமும் திறப்பு விட்டு, அடியில் காற்று ஓட வழி செய்யுங்கள். அந்தப் பொந்தைப் பார்த்ததும் விறகு அடுக்கத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். அடுக்கினால் காற்றும் அடைபடும், எரியும் பொருளும் சேரும்.

தீக்கு நேராகக் கிரானைட் வேண்டாம். அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரியில் சட்டென்று விரியும். கல் வெடித்துச் சில்லு தெறிக்கலாம். தீ படும் இடத்துக்குப் பயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்), பூச்சுக்குப் பயர் கிளே (சூடு தாங்கும் களிமண்).

மேடை எவ்வளவு நீள வேண்டும்? செங்கல் ஃபயர்பிளேஸுக்கு அமெரிக்க வீட்டுக் கட்டட விதி, தீ எரியும் வாய் 6 சதுர அடிக்குக் குறைந்தால் முன்னால் 16 அங்குலம், பக்கத்துக்கு 8 அங்குலம் என்கிறது. பெரிய வாய்க்கு 20, 12. இரும்புக் கணப்பு வாங்கினால் அதோடு வரும் கையேட்டின் அளவுதான் கணக்கு.

(காட்சி: மேடைக்கு அடியில் நீளும் கை.)

கட்டி முடித்ததும் சில நாள் சின்னத் தீ மட்டும் போட்டு ஈரத்தைப் போக்குங்கள். அப்புறம் ஒரு நாள் மூன்று மணி நேரம் நன்றாக எரியவிட்டு, மேடைக்கு அடியில் பலகையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் தீயை அணைத்துவிட்டு, இன்னொரு அடுக்கு பிளாக் வைக்கத் தரை தாங்குமா என்று அதே பொறியாளரிடம் கேளுங்கள்.