நீலத் தட்டைப் பின்னால பாருங்க: சீனமா, ஜப்பானா, டெல்ஃப்ட்டா?

வணக்கம் சொந்தங்களே! டர்பன்ல இருந்து லீவுக்கு கேப்டவுன் போறவங்க கேஸில் ஆஃப் குட் ஹோப்ங்கிற பழைய டச்சுக் கோட்டைக்குள்ள எப்படியும் ஒரு சுத்து சுத்துவீங்க. பழைய ஓவியம், மரச்சாமான், பீங்கான் எல்லாம் இருக்கிற வில்லியம் ஃபேர் சேகரிப்பு அங்கதான் இருக்கு. நீல வெள்ளைத் தட்டு எங்க கண்ணுல பட்டாலும் சட்டுனு நகர்ந்துடாதீங்க.

இந்த மாதிரித் தட்டு பக்கத்துல எந்த மியூசியத்துலயும் 'ஆசியத் தாக்கம்'னு ஒரு சீட்டு இருக்கும். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. நடந்தது யாவாரம். கப்பல்ல வந்த சீனப் பீங்கானுக்கு ஹாலந்துல ஏக கிராக்கி. 1644-ல மிங் ஆட்சி கவுந்து சரக்கு தட்டுப்பாடு வந்ததும், டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி (சுருக்கமா வி.ஓ.சி.) ஜப்பான்ல பீங்கான் செய்ற அரிட்டா ஊர் பக்கம் திரும்பி 1659-ல பெரிய ஆர்டரே குடுத்துச்சு. அதே இடைவெளியில ஹாலந்துல டெல்ஃப்ட் ஊர் குயவர்களும் சீனத் தட்டைப் பாத்து நிறையப் போட்டாங்க.

மூணையும் பிரிச்சுப் பாக்கணும்னா முதல்ல விளிம்பு. டெல்ஃப்ட் பீங்கானே இல்ல. சாதாரணக் களிமண், மேல வெள்ளீயம் கலந்த வெள்ளை மெருகு, அதாவது சுட்டா கண்ணாடி மாதிரி ஆகுற பூச்சு. சூளைச் சூடு சுமார் 1000 டிகிரிதான். பீங்கானுக்கு 1300 கிட்ட வேணும். அதனால டெல்ஃப்ட் விளிம்புல மெருகு பேந்துட்டா உள்ள மஞ்சளா மண் எட்டிப் பாக்கும். பீங்கான் உடைஞ்சாலும் உள்ளயும் வெள்ளைதான்.

அடுத்து பின்பக்கம். கிராக்னு சொல்ற, மிங் காலக் கடைசியில ஏற்றுமதிக்குச் செஞ்ச வகை சீனத் தட்டோட அடிவளையத்துல சூளை மணல் சொரசொரன்னு ஒட்டியிருக்கும். அரிட்டா பெரிய தட்டுல வளையத்துக்கு உள்ள சின்னச் சின்னத் தழும்பு இருக்கும். நடுப்பகுதி தொய்யாம இருக்க மண் கூம்பு முட்டுக் குடுத்த இடம் அது. டெல்ஃப்ட்ல விளிம்புக்கு அடியில மூணு புள்ளி, சூளையில ஆணி தாங்கின அடையாளம். நடுவுல வி.ஓ.சி. எழுத்து, சுத்தி மாதுளை, ரெண்டு ஃபீனிக்ஸ் பறவை இருந்தா, அது டச்சுக்காரன் அரிட்டாவுல சொல்லிச் செய்யவெச்சது. நம்ம கப்பலோட்டிய வ.உ.சி. இல்லங்க!

இப்ப கோடு. டெல்ஃப்ட்காரர் சுடாத மெருகு மேல வரையணும். அது மாவு மாதிரி, தூரிகை பட்டதும் உறிஞ்சிடும். கோலத்துல இழை தப்பினா தடவி அழிச்சுக்கலாம், இங்க அது நடக்காது. அதான் முதல்ல கருநீலத்துல வெளிக்கோடு இழுத்துட்டு அப்புறம் உள்ள நிரப்பினாங்க. சீன எழுத்து மாதிரி ஏதோ கிறுக்கியிருந்தா சிரிக்காதீங்க, எழுத்தையும் படம்னு நெனச்சுப் போட்டிருக்காங்க.

மியூசியத்துல காட்சிக்கு வைக்கிறவங்க செய்ற தப்பு ஒண்ணு சொல்றேன். பீங்கானுக்கு வெளிச்சத்தால கெடுதல் இல்ல. ஜப்பான் மரக்கட்டை அச்சுப்படத்துக்கு வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) தாண்டக்கூடாது, சாயம் வெளுத்துடும். ரெண்டையும் ஒரே பெட்டியில வெச்சா மொத்தப் பெட்டியும் மங்கி, நீலம் கறுப்பாத்தான் தெரியும். பின்பக்கம் தெரியுற மாதிரி தட்டுக்கு அடியில முகம் பாக்கிற கண்ணாடி வைக்காம விடுறது இன்னொண்ணு. அப்படி விட்டிருந்தா காவலர்கிட்ட தூக்கிக் காட்டச் சொல்லாதீங்க, பெட்டி ஓரமா குனிஞ்சு விளிம்புக்கு அடியில பாருங்க. ஃபோன் ஃப்ளாஷை அணைச்சிடுங்க, அடிச்சா பெட்டிக் கண்ணாடிதான் மின்னும்.