850 ரூபாய் ஐசியும் 120 ரூபாய்க் கிறிஸ்டலும்

வணக்கம் உறவுகளே, கல்முனையிலிருந்து மீண்டும் நான்தான். அயல்வீட்டு மாமியின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் நிறம் வராததற்கு, நிறச் சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் டிடிஏ 3561ஏ ஐசிதான் காரணம் என்று போன காணொளியில் அடித்துச் சொன்னேன் அல்லவா? அந்தச் சொல்லை இன்று திரும்பப் பெறுகிறேன்.

ஒரு ஐசிக்கு 850 ரூபாய்! பேரம் பேசினால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். விற்ற பொருளைத் திருப்பி எடுக்கமாட்டாராம். 28 கால்களையும் ஈயம் உறிஞ்சிக் கழற்றி, சொக்கற் வைத்து, புதியதைச் செருகி, 12 வோல்ற் சரியாக வருகிறதா என்றும் அளந்து பார்த்தேன். படம் கறுப்பு வெள்ளையாகவே நின்றது.

பிறகுதான் கலர் கில்லரை முடக்கிப் பார்க்கும் புத்தி வந்தது. படத்தோடு ஒப்பீட்டுக்காக வரும் பர்ஸ்ட் சமிக்ஞையோடு, ஐசிக்குரிய அலையை உண்டாக்கும் அலையியற்றி ஒத்துப்போகாவிட்டால் நிறத்தையே அடைத்துவிடும் பகுதி அது. அதை முடக்கியதும் திரையில் வானவில் பட்டைகள் உருண்டோடின. அலையியற்றி உயிரோடு இருக்கிறது, ஆனால் அதன் அதிர்வெண் விலகிவிட்டது என்பதே அதன் பொருள். அதிர்வெண்ணை நுணுக்கமாகச் சரிசெய்யும் திருகான ட்ரிம்மர் கடல் காற்றில் துருப்பிடித்திருந்தது; அதைத் துடைத்துத் திருகியும் பட்டைகள் நிற்கவில்லை. ஆகவே குற்றவாளி, அந்த அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் கிறிஸ்டல்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் நாள் டீவிடி பிளேயர் என்டிஎஸ்சி என்ற வேறொரு நிற ஒளிபரப்பு முறையில் இருந்திருக்கிறது! அதன் நிறத் துணையலை, அதாவது நிறத்தைச் சுமந்து வரும் அலை, 3.58 மெகாஹேர்ட்ஸ்; இந்த ஐசியோ பால் (PAL) என்ற முறைக்கு மட்டுமானது. அன்றைய சோதனை முழுவதும் வீண்.

கிறிஸ்டல் கேட்டால், "பால் என்றால் 4.43தானே" என்று அதையே எடுத்து நீட்டுகிறார்கள். இந்த ஐசிக்கு வேண்டியது அதன் இருமடங்கான 8.867238 மெகாஹேர்ட்ஸ். அதை உள்ளேயே இரண்டால் வகுத்து, ஒன்றுக்கொன்று 90 பாகை விலகிய இரண்டு 4.43 அலைகளை அது உண்டாக்கிக்கொள்கிறது. நிற வேறுபாட்டுச் சமிக்ஞைகள் இரண்டையும் பிரித்தெடுக்க அந்த 90 பாகை பிசகவே கூடாது. வெளியே சுருளை வைத்து மணிக்கணக்கில் திருகிச் சரிசெய்யும் வேலையை இப்படி ஒழித்த மனிதருக்கு நான் பத்துக் கும்பிடு போடுவேன். எல்லாவற்றையும் ஒரே ஐசிக்குள் அடைத்த பிற்காலப் பெட்டிகள் எனக்குப் பிடிப்பதேயில்லை. அவற்றில் எந்தப் பகுதி பழுது என்று தனித்தனியாகத் தட்டிக் கேட்க இடமில்லை.

கடைசியில் அக்கரைப்பற்றில் ஒரு பழைய பலகையிலிருந்து அந்தக் கிறிஸ்டலைக் கழற்றி எடுத்தேன். விலை 120 ரூபாய். ட்ரிம்மரைக் கால் சுற்றுத் திருப்பியதும் பட்டைகள் தயங்கி, நின்று, கதாநாயகியின் சேலை சிவப்பாகியது. நான் போட்ட சத்தத்தில் மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

மனம் கேட்காமல், கழற்றி வைத்த பழைய ஐசியையே மீண்டும் சொக்கற்றில் செருகினேன். அதுவும் அதே சிவப்பைத்தான் தருகிறது. 850 ரூபாய்ப் புதியது இப்போது என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.