மலைச்சரிவின் வடிவமும் மண்ணரிப்பும்

வணக்கம் நேயர்களே. ஊட்டி போகிறவர்கள் கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை, கேரட் அறுத்து வெறுமையாகக் கிடக்கும் தோட்டத்தில் மண்ணின் நிறத்தைக் கவனியுங்கள். ஒரே சரிவில் மேலே கருமண் இருக்கும். கீழே வளைந்து இறங்கும் இடத்தில் செம்மண் எட்டிப் பார்க்கும். மேல்மண் போய் அடிமண் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

செங்குத்தான சரிவில் மண் அதிகம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சரிவின் வடிவத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. சில குன்றுகள் கவிழ்த்த சட்டி மாதிரி. உச்சி மழுங்கியிருக்கும், இறங்க இறங்கச் செங்குத்தாகும். வழியெல்லாம் சேர்ந்து பெருகிய தண்ணீர், மிகச் செங்குத்தான இடத்துக்கு வந்து சேர்கிறது. அரிப்புக்கு வேறென்ன வேண்டும்? சில சரிவுகள் நேர்மாறு. மேலே செங்குத்து, அடியில் வாட்டம் குறையும். அங்கே தண்ணீர் நிதானப்பட்டு, கொண்டுவந்த மண்ணில் ஒரு பங்கைப் போட்டுவிடும். உயரமும் நீளமும் ஒன்றாகவே இருந்தாலும் இழப்பு ஒன்றல்ல.

ஒரு பெரியவர் உருளைக்கிழங்குக்கு மேலிருந்து கீழாகவே சால் போடுவார். “குறுக்கே போட்டால் தண்ணி நிக்கும், கிழங்கு அழுகிப்போகும் சார்” என்பார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அந்தச் சால் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். சால்களைச் சரிவுக்குக் குறுக்கே போட்டு, ஓரத்தில் புல் வளர்த்த வடிகாலை நோக்கி லேசான வாட்டம் கொடுத்தால் கிழங்கும் அழுகாது, மண்ணும் நிற்கும். முழுத் தோட்டத்துக்கும் வேண்டாம், அந்தச் செம்மண் பட்டைக்கு மட்டுமாவது செய்யுங்கள் என்றேன். இப்போதும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்கிறேன்: செம்மண் பட்டையில் தொடங்குங்கள்.

அப்புறம் நீளம். சரிவின் நீளம் இரட்டித்தால், ஏக்கருக்கு ஏக்கர் மண் இழப்பு சுமார் 1.4 மடங்காகும் என்பது அமெரிக்காவில் உருவான மண் இழப்புச் சமன்பாட்டின் கணக்கு. சரிவைப் படிபடியாக வெட்டிச் சமன்செய்த படிமட்டங்கள் அந்த நீளத்தைத் துண்டுபோடுகின்றன.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, மலை மடிப்புகளைப் பற்றி ஒரே வார்த்தை. மேடுகளுக்கு நடுவே பள்ளமாக இறங்கும் அந்த மடிப்பில் மூன்று பக்கத் தண்ணீரும் கூடும். நீலகிரியில் இயற்கை அங்கே சோலைக்காட்டை வைத்து, மேட்டைப் புல்லுக்கு விட்டது. சோலையை அழித்து அங்கே கேரட் போட்டால், ஓடை முதலில் அறுப்பது அந்த மடிப்பைத்தான். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அதைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். இன்றைக்கு இடமில்லை. வணக்கம்.