ஒரே ஒரு ஏரி, ஒரே ஒரு பறவை

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊர் ஏரி குளத்துல டபக்குனு முங்கி எங்கயோ போய் தலைய தூக்கும்ல முக்குளிப்பான், அதோட பெரிய சைஸ் ஒறவுக்காரன் ஒருத்தன் குவாத்தமாலால அதித்லான்ங்கிற ஏரில மட்டும் இருந்தான், உலகத்துல வேற எங்கயும் கிடையாது. எரிமலை வெடிச்சு உள்வாங்குன பள்ளத்துல நின்ன தண்ணி அது, 300 மீட்டருக்கு மேல ஆழம், சுத்தி மூணு எரிமலை. உள்ளூர் மாயா ஜனங்க இந்த பறவைய "போக்"னு கூப்புடுவாங்க. வெள்ளை அலகு, நடுவுல கருப்பா ஒரு பட்டை. றெக்கை இருந்தும் பறக்க வராது, அதனால ஏரிக்கு ஒண்ணுன்னா கெளம்பி வேற எங்கயும் போக முடியாது.

1958, 60ல டூரிஸ்ட்டுங்க தூண்டில் போட்டு ஜாலியா இருக்கட்டும்னு பாஸ்ங்கிற வெளியூர் மீன கொண்டாந்து விட்டாங்க. அது போக் திங்கிற நண்டு, சின்ன மீன எல்லாம் காலி பண்ணுச்சு, குஞ்சையும் சேத்து முழுங்குச்சு. 200 இருந்த பறவை 1965ல 80 ஆயிடுச்சு. கதைய இதோட முடிச்சு மீன் மேல பழிய போட்டுட்டு போறவங்கதான் அதிகம், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஏன்னா ஆன் லபாஸ்டில்னு ஒரு அமெரிக்க அம்மா அங்கயே கெடந்து அரசாங்கத்த புடிச்சு காவலர் போட வச்சு, பாய் முடையறதுக்கு கரையோர நாணல வெட்டுறதுக்கும் ஒரு கட்டுப்பாடு கொண்டாந்து, 70கள்ல எண்ணிக்கை திரும்ப 200ஐ தாண்டிடுச்சுங்க. மீன் அதே ஏரிலதான் இருந்துச்சு!

அப்புறம் 1976 பிப்ரவரில பெரிய நிலநடுக்கம். ஏரியோட அடித்தளமே விரிசல் விட்டு தண்ணி மட்டம் எறங்க ஆரம்பிச்சது, கூடு கட்டுற நாணல் கரையில காஞ்சு நின்னுச்சு, கரையோரம் பங்களா ஹோட்டல்னு வேற முளைச்சுகிட்டே இருந்துச்சு. நடுவுல உள்நாட்டுப் போர். 1982ல பறவைக்கு காவலா இருந்த எட்கர் பாவரையே கொன்னுட்டாங்க, அதுக்கப்புறம் யாருங்க படக எடுத்துகிட்டு போய் பறவை எண்ணுவா? மறு வருஷம் பாத்தப்ப 30 சொச்சம், அதுலயும் பலது பறக்கத் தெரிஞ்ச பக்கத்து வகையோட கலப்போன்னு சந்தேகம். கடைசியா பாத்தது 1989ல.

ஒரு மீன் பண்ண வேலையா இது? நீங்களே சொல்லுங்க. கேள்வி இருக்கறவங்க மைக் வாங்கிக்கங்க.